1990, 119, கச்சேரி: அவசர அழைப்பு எடுக்கிற வேலைக்கு எப்பிடித் தயாராகிறது?

கைதடி_நிலா:
எல்லாருக்கும் வணக்கம். உயர்தரம் கலைப்பிரிவில முடிச்சிட்டு இப்ப சாவகச்சேரியில ஒரு கடையில கணக்கு எழுதுறன். எனக்கு மனசில நிக்கிற வேலை ஒண்டுதான், அவசர அழைப்பு எடுக்கிறது. ஆரோ ஒருத்தர் கை நடுங்க அம்புலன்சுக்கு 1990க்கோ, பொலிசுக்கு 119க்கோ அடிக்கேக்க, மற்றப் பக்கத்தில தமிழில நிதானமாக் கேட்டு வண்டியைச் சரியான ஒழுங்கைக்கு அனுப்பிற ஆளா இருக்கவேணும்.

இதுக்கு அரசாங்கப் போட்டிப் பரீட்சை இருக்கோ? இங்க ஒரு தனியார் நிலையம் "1990 போட்டிப் பரீட்சை வழிகாட்டி" எண்டு ஒரு கட்டுப் போட்டோக்கொப்பி விக்குது. வாங்கிறதோ விடுறதோ தெரியேல்லை. சிங்களம் கேட்டா ஓரளவுக்கு விளங்கும், திருப்பிக் கதைக்க வராது. வீட்டில இரவு வேலை எண்டாலே அம்மாவின்ர முகம் மாறுது. தெரிஞ்ச அண்ணைமார், அக்காமார் விபரமாச் சொல்லுங்கோ.

ஓய்வு_லிகிதர்:
பிள்ளை, அந்தக் கட்டை வாங்காதேங்கோ. அந்தப் பெயரில பரீட்சைத் திணைக்களம் நடத்திற போட்டிப் பரீட்சை ஒண்டும் இல்லை. காசை வைச்சிருந்தா விண்ணப்பக் கட்டணத்துக்கு உதவும். எந்தக் கதவைத் தட்டப்போறியள் எண்டதை முதல் தெளிவாக்கவேணும்.

1990 சுவசெரிய 2016இல மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் இந்திய உதவியோட, 88 அம்புலன்சோட தொடங்கினது. பிறகு இன்னும் 209 வண்டி சேர்ந்து நாடு முழுக்கப் போச்சுது. வடக்குக்கு வந்தது 2018 யூலையில, தொடக்க நிகழ்வும் யாழ்ப்பாணத்திலதான் நடந்தது. அதே வருசம் 18ஆம் இலக்கச் சட்டத்தால அதைத் தனி அமைப்பாக்கினவை. ஆள் எடுக்கிறதும் அவையின்ர சொந்த அறிவித்தலிலதான், நேர்முகம், பயிற்சி எண்டு போகும். அழைப்பு எடுக்கிற மையம் கொழும்புக்குப் பக்கத்தில ராஜகிரியவில இருக்கு. நீங்கள் கைதடியில இருந்து அடிச்சாலும் மணி அங்கதான் கேக்கும்.

119 பொலிஸ். அங்க உள்ளுக்குப் போறதெண்டால் வர்த்தமானியில, அதாவது அரசாங்க அறிவித்தல் இதழில, வாற பொலிஸ் ஆட்சேர்ப்பு அறிவித்தலாலதான். போன பிறகு எந்தப் பிரிவில போடுவினம் எண்டது உங்கட கையில இல்லை. மாநகரசபையின்ர தீயணைப்புப் பிரிவு உள்ளூராட்சிக்குள்ள வரும், அந்த நியமனங்களுக்கு மாகாண பொதுச்சேவைப் பக்கத்து அறிவித்தலைப் பாக்கவேணும்.

கனபேர் மறந்து போற கதவு ஒண்டு இருக்கு, கச்சேரியில, அதாவது மாவட்டச் செயலகத்தில, இருக்கிற மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவு. 2024 நவம்பர் வெள்ளத்துக்குள்ள எந்த ஊரில தண்ணி ஏறினது, எந்தப் பள்ளிக்கூடத்தில சனம் நிக்குது, எங்க வள்ளம் வேணும் எண்டு ரெலிபோனும் காதுமா இருந்த ஆக்களை நினைச்சுப் பாருங்கோ. அதுவும் அவசர அழைப்பு வேலைதான். முகாமைத்துவ சேவை உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர் மாதிரியான நியமனங்களில வந்த ஆக்கள் செய்யிற வேலை அது. நீங்கள் கேட்ட மாதிரி உண்மையான போட்டிப் பரீட்சை எழுதிப் போகக்கூடிய வழி இதுதான். குறிப்பிட்ட பிரிவுதான் கிடைக்கும் எண்டு ஒருதரும் உறுதி சொல்ல ஏலாது. ஆனா உள்ளுக்குப் போன பிறகு இடமாற்றம் கேக்கலாம்.

வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில வரும், மூண்டு மொழியிலயும் இருக்கும். தமிழ்ப் பிரதியை வரிவரியா வாசிக்கவேணும். வயதெல்லை எந்தத் திகதிக்குக் கணக்கிடுறது, பெயர் அடையாள அட்டையில இருக்கிற மாதிரியே இருக்கோ, எந்த மொழிமூலம் எழுதப்போறியள், இந்த மூண்டிலயும் பிழை விட்டு விண்ணப்பம் தள்ளுப்பட்ட பிள்ளையளைக் கச்சேரி வாசலில கனதரம் கண்டிருக்கிறன். கெட்டிக்காரப் பிள்ளையள். அவையளை அப்பிடிப் பாக்கிறது சரியான வேதனை.

கைதடி_நிலா:
ஐயா, நன்றி. ஒரு கட்டுக் காசு மிச்சம். பரீட்சைக்கு எண்டு படிக்கிறதில எது இந்த வேலைக்கும் உதவும்?

ஓய்வு_லிகிதர்:
நுண்ணறிவு வினாத்தாளில திசைக் கணக்கு வரும். "ஒருவர் வடக்கு நோக்கி 3 கிலோமீற்றர் நடந்து, வலப்பக்கம் திரும்பி 4 கிலோமீற்றர் நடக்கிறார். தொடங்கின இடத்தில இருந்து நேர் தூரம் எவ்வளவு?" விடை 5 எண்டு பிள்ளையள் டக்கெண்டு சொல்லிப்போடுவினம். எந்தத் திசையில நிக்கிறார் எண்டு கேட்டால் தடுமாறுவினம். வடகிழக்கு. தாளின்ர மேற்பக்கம் வடக்கு எண்டு வைச்சு, ஒவ்வொரு கணக்கையும் பென்சிலால கீறிப் பழகுங்கோ. மனசில மட்டும் சுத்தினா நாலாவது திருப்பத்தில வழி தப்பும். அதோட சுருக்கம் எழுதிற வினா. ஒரு பந்தியை மூண்டிலொரு பங்காக்கச் சொல்லுவினம். அதைக் கடமைக்குச் செய்யாமல் விருப்பத்தோட செய்யுங்கோ. அழுது குழறிச் சொல்லுற கதையில இருந்து நாலு வரி எடுக்கிற வேலைக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பழைய வினாத்தாள்தான் குரு, வழிகாட்டிப் புத்தகம் பிறகு.

ஸ்காபரோ_தம்பி:
நான் கனடாவில இருந்து எழுதுறன். வட அமெரிக்காவில இது தனித் தொழில். நியூயோர்க் நகரத்தில 911 அழைப்பு எடுக்கிற பொலிஸ் தொடர்பாடல் உத்தியோகத்தர் பதவிக்கு நகரமே சிவில் சேவைப் பரீட்சை வைச்சு, புள்ளி வரிசையில பட்டியல் போட்டு, அந்தப் பட்டியலில இருந்து கூப்பிடும். வேற கன இடங்களில "கிரிட்டிகோல்" எண்ட கொம்பியூட்டர் சோதனை. காதில ஒரு குரல் விலாசம் சொல்லும், கை அதைப் பதியவேணும். நடுவில திரையில வேற ஒரு அறிவித்தல் வரும், அதுக்கும் பதில் குடுக்கவேணும். வரைபடம் பாக்கிறது, இலக்கங்களை ஞாபகம் வைச்சிருக்கிறது, எந்தச் சம்பவத்துக்கு முதல் ஆள் அனுப்பிறது எண்டு தீர்மானிக்கிறது, எல்லாம் அதுக்குள்ள வரும்.

இலங்கையில உந்தச் சோதனை இல்லாட்டிலும் வீட்டில செய்யலாம் தங்கச்சி. வானொலிச் செய்தியைப் போட்டுவிட்டு, கேக்கக் கேக்க ஊர்ப் பெயரையும் எண்ணையும் மட்டும் ரைப் பண்ணுங்கோ. நிப்பாட்டி நிப்பாட்டிக் கேக்கக்கூடாது. தமிழ் எழுத்துக்கு ரெங்கநாதன் விசைப்பலகை பழகுங்கோ, இலங்கைத் தரநிலையும் அதுதான். ஆங்கிலத்திலயும் வேகம் வேணும். தம்பியையோ தங்கச்சியையோ பக்கத்தில இருத்தி இடையில வேற கேள்வி கேக்கச் சொல்லுங்கோ. முதல் கிழமை கோபம் வரும். பிறகு காது தனிய வேலை செய்யத் தொடங்கும்.

வடமராட்சிப்_பொடியன்:
எல்லாம் சரி. ஆனா ஊர் தெரியவேணும், திசை தெரியவேணும் எண்டு ஏன் இவ்வளவு? 1990இன்ர போன் செயலியில இருந்து அடிச்சா இடம் தன்பாட்டில திரையில விழும். இன்னும் அஞ்சு வருசத்தில ஒருதரும் விலாசம் கேக்கப்போறேல்லை. அந்த நேரத்தை ஆங்கிலத்துக்கும் கொம்பியூட்டருக்கும் செலவழிக்கச் சொல்லுறதுதான் நல்லம்.

மந்திகைத்_தாதி:
தம்பி, நான் அவசர சிகிச்சைப் பிரிவில கன காலம் நிண்டனான். உங்கட கதையோட எனக்கு ஒத்துப்போக ஏலாது.

செயலியில அடிக்கிற ஆள் ஆர்? இளம் ஆக்கள். நெஞ்சு நோகுது எண்டு இருக்கிற அம்மம்மா பட்டன் போனில அடிப்பா. இல்லாட்டி கொழும்பில இருக்கிற மகனுக்கு அடிச்சு, மகன் 1990க்கு அடிப்பார். திரையில விழுறது வெள்ளவத்தை, அம்மா கிடக்கிறது கரவெட்டியில. விபத்தெண்டால் றோட்டால போன ஆள் அடிச்சிட்டுத் தன்பாட்டில ஓடிக்கொண்டிருப்பார். இப்பிடியான நேரங்களில வாயால கேட்டுத்தான் இடத்தைப் பிடிக்கவேணும்.

எங்கட சனம் இடத்தை எப்பிடிச் சொல்லும்? "பிள்ளையார் கோயிலடி", "மதகுக்குப் பக்கத்தில", "பெரிய புளிக்குக் கீழ". பிள்ளையார் கோயில் இல்லாத ஊர் எங்க இருக்கு? புதுக்குடியிருப்பு எண்டா முல்லைத்தீவிலயும் இருக்கு, மன்னாரிலயும் இருக்கு, மட்டக்களப்பிலயும் இருக்கு. கொக்குவில் இங்கயும் இருக்கு, மட்டக்களப்பிலயும் இருக்கு. வண்டி சாரதி சிங்களம் பேசுற ஆளெண்டால் பருத்தித்துறையை பேதுருதுடுவ எண்டுதான் அவருக்குத் தெரியும், ஆனையிறவு அவருக்கு அலிமங்கட. நிலா, ஒரு கொப்பி எடுத்து ஒவ்வொரு ஊருக்கும் மூண்டு மொழிப் பெயரையும் எழுதுங்கோ. யாழ்ப்பாண மாவட்டத்தில 15 பிரதேச செயலகம், 435 கிராம அலுவலர் (விதானையார்) பிரிவு. "ஜே" எண்டு தொடங்கிற பிரிவு இலக்கம் சனத்துக்குப் பங்கீடு, நிவாரணம், வாக்காளர் பதிவு எண்டு பழகிப்போன ஒண்டு. விலாசம் தெரியாமல் திணறுற ஆளிட்டை "உங்கட விதானையார் பிரிவு என்ன?" எண்டு கேட்டுப் பாருங்கோ. பத்தில எட்டுப் பேர் பட்டெண்டு சொல்லுவினம்.

எந்த ஆஸ்பத்திரி கிட்ட எண்டதும் தெரியவேணும். தெல்லிப்பழை, மந்திகை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆதார வைத்தியசாலைகள், யாழ். போதனா வைத்தியசாலை. கிட்ட இருக்கிறதெல்லாம் அந்த நோயாளிக்குத் தோதான ஆஸ்பத்திரி எண்டு இல்லை. அதைத் தீர்மானிக்கிறது அழைப்பு எடுக்கிற ஆள் தனிய இல்லை, ஆனா இடமும் தூரமும் தெரியாத ஆளால ஒருதருக்கும் உதவ ஏலாது.

தீவகத்தான்:
அக்கா சொன்னதோட தீவுப் பக்கத்தையும் சேர்க்கோணும். நெடுந்தீவுக்கு அம்புலன்ஸ் அனுப்பிறம் எண்டு கொழும்பில இருந்து ஒருதர் சொன்னால் எங்களுக்கு என்ன செய்யிறதெண்டே தெரியாது. மாவலித்துறையில இருந்து குறிகட்டுவானுக்குப் படகு ஒரு மணித்தியாலம் அளவில எடுக்கும், சோளகம் எண்ட தென்மேற்குக் காத்து அடிக்கிற காலத்தில இன்னும் கூட. இங்க இருக்கிற ஆஸ்பத்திரியில முதல் சிகிச்சை குடுத்து, மேல அனுப்பவேணும் எண்டால் படகு. குறிகட்டுவானில படகு கட்டேக்க வண்டி அங்க நிக்கவேணும். பிந்தினா நோயாளி இறங்குதுறையில வெயிலுக்குள்ள கிடப்பார். அங்க இருந்து புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் தாண்டித்தான் பெரியாஸ்பத்திரி. "படகு எத்தினை மணிக்கு வெளிக்கிட்டது? கடல் என்ன மாதிரி?" எண்டு கேக்கத் தெரிஞ்ச பிள்ளை அந்தக் கதிரையில இருந்தால் எங்கட ஊர்ச் சனம் கும்பிடும்.

வடமராட்சிப்_பொடியன்:
சரி, நீங்கள் சொல்லுறதில நியாயம் இருக்கு. அப்பிடியெண்டால் வடக்குக்கு அழைப்பு மையம் யாழ்ப்பாணத்திலயே இருக்கவேணும். ஏன் ராஜகிரியவில?

ஓய்வு_லிகிதர்:
நான் அதோட முழுக்க ஒத்துக்கொள்ளமாட்டன் தம்பி. ஒரு மாவட்டத்தில வெள்ளம் வந்து அழைப்புகள் குவிஞ்சா, ஒரே மையத்தில எல்லாரும் இருக்கேக்க மற்ற மாகாணத்து அழைப்பு எடுக்கிற ஆளும் கை குடுக்கலாம். எங்கட மையம் தண்ணிக்குள்ள போனா வடக்கே ஊமையாப் போகும். மையம் எங்க இருந்தாலும் அதுக்குள்ள எங்கட ஊர் தெரிஞ்ச, தமிழில தாராளமாக் கதைக்கிற பிள்ளையள் எந்த நேரமும் இருக்கவேணும். 1987, 1988 அரசியலமைப்புத் திருத்தங்களோட தமிழும் அரச கரும மொழி. இரவு மூண்டு மணிக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு அடிக்கிற ஆளுக்கு அந்த உரிமை கிடைக்கவேணும் எண்டால் அந்தக் கதிரையில ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் நிலா மாதிரிப் பிள்ளையள் விண்ணப்பிக்கவேணும் எண்டு நான் நிக்கிறன்.

வடமராட்சிப்_பொடியன்:
கொழும்புக்குப் போக விருப்பமில்லாத பிள்ளையள் என்ன செய்யிற? அதுக்கு உங்களிட்டைப் பதில் இல்லை ஐயா. நான் என்ர கருத்திலதான் நிக்கிறன்.

வெள்ளவத்தை_அக்கா:
நான் வேற ஒரு கோல் சென்ரரில இரவு வேலை செய்யிறன், யாழ்ப்பாணத்துப் பெட்டைதான். நிலா, அம்மாவோட சண்டை பிடிக்காதேங்கோ. பயம் எதில எண்டு கேளுங்கோ. என்ர அம்மாவுக்குப் பயம் வேலையில இல்லை, விடியப்புறம் நான் எப்பிடி அறைக்குத் திரும்புவன் எண்டதிலதான். நேர்முகத்தில இரவு வேலைக்குப் போக்குவரத்து இருக்கோ எண்டு வெட்கப்படாமல் கேளுங்கோ. தங்கிற இடத்தை வேலைக்குக் கிட்ட எடுங்கோ. வெள்ளவத்தையில எங்கட ஆக்கள் இருக்கினம் எண்டு அங்க அறை எடுத்தா ராஜகிரியவுக்கு ஒவ்வொரு நாளும் பஸ் மாறி அலையவேணும். அம்மாவை ஒருக்காக் கூட்டிக்கொண்டு வந்து இடத்தைக் காட்டுங்கோ. என்ர அம்மா வந்து பாத்திட்டுப் போனாப் பிறகுதான் நித்திரை கொண்டவ.

சிங்களத்தை இப்பவே தொடங்குங்கோ. பரீட்சை தமிழில எழுதலாம், ஆனா பொது மையத்தில இருந்தா வாற அழைப்பில கனக்க சிங்களமாத்தான் இருக்கும். அரசாங்க வேலைக்குப் போனாலும் மற்ற அரச கரும மொழியில தேர்ச்சி காட்டவேணும், அதுக்குச் சுற்றறிக்கை இருக்கு. முழு இலக்கணம் வேண்டாம். எங்க நிக்கிறியள், என்ன நடந்தது, மூச்சு இருக்கோ, இரத்தம் போகுதோ, ரெலிபோனை வைக்காதேங்கோ, வண்டி வருது. இந்த ஆறையும் நித்திரையில எழுப்பிக் கேட்டாலும் சொல்லுற அளவுக்குப் பாடமாக்குங்கோ. பிறகு மற்றது தன்பாட்டில ஒட்டும்.

கைதடி_நிலா:
அக்கா, எல்லாத்தையும் கொப்பியில எழுதிக்கொண்டிருக்கிறன். ஒரு கேள்வி கேக்கப் பயமா இருக்கு. அழைப்பில இருக்கேக்கயே ஆள் செத்துப்போனா என்ன செய்யிறது?

மந்திகைத்_தாதி:
நடக்கும் பிள்ளை. மறைச்சுச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனா அந்த நிமிசத்தில நீங்கள் வெறும் காது இல்லை. மூச்சு இல்லை எண்டு சொன்னால், அடிச்ச ஆளின்ர கையை உங்கட கையாக்கவேணும். நெஞ்சின்ர நடுவில உள்ளங்கையின்ர அடிப்பக்கம், மற்றக் கை மேல. நிமிசத்துக்கு 100இல இருந்து 120 தரம், வளந்த ஆளெண்டால் 5 சென்ரிமீற்றராவது அமத்தவேணும். நீங்கள் ரெலிபோனில "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு" எண்டு எண்ணிக்கொண்டே இருக்கவேணும். உங்கட எண்ணிக்கை நிண்டால் அவரின்ர கையும் நிக்கும். செஞ்சிலுவைச் சங்கத்தின்ர முதலுதவி வகுப்பு நடந்தால் கட்டாயம் போங்கோ, பொம்மையில அமத்திப் பழகின ஆள் சொல்லுறது வேற மாதிரி இருக்கும்.

இன்னொண்டு. வண்டி போய்ச் சேர்ந்த உடன உங்கட அழைப்பு முடிஞ்சிடும். ஆள் தப்பினாரோ இல்லையோ எண்டு கனதரம் தெரியவராது. அது மனசில தங்கும். வேலை முடிய ஆரோடயும் கதைக்கவேணும், ஒருதரும் இல்லாட்டி 1926 மனநல உதவி இலக்கம் இருக்கு. நான் தாதியா இருந்து சொல்லுறன், இதையும் தயாரிப்பில ஒண்டாச் சேருங்கோ.

இப்ப ஒரு பயிற்சி. நான் அடிக்கிற ஆள். நீங்கள் எடுக்கிற ஆள். நீங்கள் கேக்கப்போற கேள்விகளை வரிசையா எழுதுங்கோ.

"ஐயோ தங்கச்சி, கெதியா வாங்கோ! அப்பா பனையால விழுந்திட்டார். கச்சாய் றோட்டு, பிள்ளையார் கோயிலடி. கண் முழிச்சுப் பாக்கிறார், கால் அசைக்கேல்லை. ஓட்டோ நிக்குது, ஏத்திக்கொண்டு வரட்டோ?"

கைதடி_நிலா:
1. ஓட்டோவில ஏத்தாதேங்கோ, தலையையும் கழுத்தையும் அசைக்காமல் அப்பிடியே விடுங்கோ.
2. எந்தப் பிள்ளையார் கோயில்? கிட்ட என்ன சந்தி, என்ன பள்ளிக்கூடம்? விதானையார் பிரிவு என்ன?
3. மூச்சு ஒழுங்கா எடுக்கிறாரோ? கதைக்கிறாரோ?
4. இரத்தம் எங்கயாவது போகுதோ?
5. எவ்வளவு உயரத்தில இருந்து விழுந்தவர்?
6. ஒரு ஆளை ஒழுங்கை முகப்பில ரோச் லைட்டோட நிக்கச் சொல்லுங்கோ.
7. உங்கட ரெலிபோன் நம்பர் என்ன?

மந்திகைத்_தாதி:
முதலாவதை முதலாவதாப் போட்டதுக்கு உங்களைக் கட்டிப்பிடிக்கவேணும் போல இருக்கு. பனையால விழுந்த ஆக்களை ஓட்டோவுக்குள்ள மடிச்சுக்கொண்டு வந்து, முள்ளந்தண்டில இன்னும் பாதிப்பாகி வந்த ஆக்களைக் கண்டிருக்கிறன். ஏத்தட்டோ எண்டு அவர் கேட்டபடியால் அதுக்கு உடன பதில் குடுத்தது சரி.

ஏழாவதை மேல கொண்டு வாங்கோ. இடம் கேட்ட கையோட நம்பர். அழைப்பு நடுவில அறுந்தால் திருப்பி எடுக்க உங்களிட்டை வேற ஒண்டும் இல்லை. உயரத்தைப் பிறகு கேக்கலாம், வண்டி வெளிக்கிட்டாப் பிறகும் கேக்கலாம். பகலோ இரவோ எண்டு நான் சொல்லேல்லை, நீங்கள் ரோச் லைட் எண்டு எழுதிப்போட்டியள். பகலெண்டால் ஒரு ஆள் றோட்டில நிண்டு கையைக் காட்டினாலே காணும்.

தீவகத்தான், அடுத்ததை நீங்கள் எழுதுங்கோ. கடல் அழைப்பா இருக்கட்டும்.

தீவகத்தான்:
எழுதுறன். "நயினாதீவு. என்ர மனுசிக்கு எட்டு மாசம், வயித்துக்குத்து தொடங்கீட்டுது, தண்ணியும் போகுது. கடைசிப் படகு போட்டுது." நிலா, தொடங்குங்கோ.

கைதடி_நிலா:
1. நயினாதீவில எந்தப் பக்கம்? கோயிலடியோ, விகாரையடியோ? இந்த நம்பருக்கே திருப்பி எடுக்கலாமோ?
2. எத்தினை நிமிசத்துக்கு ஒருக்காக் குத்து வருது? தலை தெரியுதோ?
3. தீவு ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டியளோ? அங்க கொண்டுபோக வாகனம் இருக்கோ?

நாலாவது எனக்குத் தெரியேல்லை அண்ணை. கடைசிப் படகு போனாப் பிறகு படகுக்கு ஆரிட்டைச் சொல்லவேணும்?

தீவகத்தான்:
முதல் ஆஸ்பத்திரிதான், நீங்கள் கேட்டது சரி. அங்க இருக்கிற டொக்டர் பாத்து மேல அனுப்பவேணும் எண்டு சொன்னால், மற்றப் படகை ஒழுங்கு பண்ணுற வேலையை ஆஸ்பத்திரியே தொடங்கும், கடற்படையிட்டையும் கேப்பினம். உங்கட வேலை குறிகட்டுவானுக்கு வண்டியை நேரத்துக்கு அனுப்பிறது. அதால உங்கட நாலாவது கேள்வி, "படகு வெளிக்கிட்ட உடன இந்த நம்பருக்குச் சொல்ல ஆர் நிக்கினம்?" அந்த ஆளின்ர பெயரையும் நம்பரையும் எடுங்கோ. புருசனின்ர நம்பர் மட்டும் காணாது, அவர் படகுக்குள்ள மனுசியோட இருப்பார், நடுக்கடலில சிக்னல் விட்டு விட்டு வரும்.